செவிநரம்புக் கட்டியும் காது கேளாமையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காது சோதிக்கும் அறையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவன் நான். ஆபரேஷன் செய்பவன் இல்லை. செவிநரம்பில் கட்டி என்று தெரிந்தபின் வருகிறவர்களும், கூட வரும் வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். இரண்டு காதிலும் கட்டி வரும் என்.எஃப்.2 (நியூரோஃபைப்ரோமடோசிஸ் 2) நோயைப் பற்றித்தான் அதிகம் இருக்கும். காது கேட்பதைக் காப்பாற்ற நடந்த ஆராய்ச்சியில் பெரும்பகுதி இவர்களை வைத்து நடந்ததே காரணம். ஒரு பக்கம் மட்டும் கட்டி உள்ளவர்களுக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

நரம்பில் கட்டி என்றதும் கேன்சர் என்று பயந்துவிட்டோம். அப்படியா?

இல்லை. நரம்புக்கு உறை போல இருக்கும் ஷ்வான் செல்கள் பெருகுவதால் வரும் கட்டி இது. வேறு இடத்துக்குப் பரவாது, பெரும்பாலும் மெதுவாகத்தான் வளரும். தொல்லை அது உட்கார்ந்திருக்கும் இடத்தில் இருக்கிறது. காதிலிருந்து மூளைக்குப் போகும் எட்டாம் நரம்பு, சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள எலும்புக் குழாய் வழியாகப் போகிறது. கேட்கும் நரம்பு, சமநிலை நரம்பு, முகத்தை அசைக்கும் ஏழாம் நரம்பு, உட்செவிக்கு ரத்தம் கொண்டுபோகும் மெல்லிய தமனி எல்லாம் அந்தக் குழாய்க்குள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிடக்கின்றன. அங்கே கடலைப் பருப்பு அளவுக்கு ஏதாவது முளைத்தாலே இடைஞ்சல்தான்.

ரிப்போர்ட்டில் அக்கூஸ்டிக் நியூரோமா என்று இருந்தாலும் வெஸ்டிபுலர் ஷ்வானோமா என்று இருந்தாலும் ஒன்றுதான். முதல் பெயர் இரண்டு விதத்தில் தவறு. கட்டி பெரும்பாலும் கிளம்புவது கேட்கும் நரம்பில் இல்லை, பக்கத்தில் ஓடும் சமநிலை நரம்பில். அது நியூரோமாவும் இல்லை, ஷ்வானோமா. ஆனாலும் பழைய பெயர் போகிற மாதிரி தெரியவில்லை.

ஒரு பக்கம் வருவதும் இரண்டு பக்கமும் வருவதும் ஒரே நோயா?

கட்டி ஒரே வகை, நோய் வேறு. ஒரு பக்கம் மட்டும் வருவது பெரும்பாலும் நடுவயதுக்கு மேல், பரம்பரைத் தொடர்பு இல்லாமல் வரும். இரண்டு பக்கமும் வந்தால் என்.எஃப்.2. இருபத்தைந்தாயிரம் முதல் முப்பத்து மூவாயிரம் பிறப்புக்கு ஒருவர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பலருக்கு இருபது வயதையொட்டியே காது மந்தமாகத் தொடங்கும். மூளை உறையிலும் தண்டுவடத்திலும்கூடக் கட்டிகள் வரலாம்.

இது புதிய நோயும் இல்லை. 1822இலேயே எடின்பரோவைச் சேர்ந்த விஷார்ட் என்ற அறுவை மருத்துவர், தலைக்குள் பல கட்டிகளோடு காது கேட்காமல் போன ஓர் இளைஞரைப் பற்றி எழுதியிருக்கிறார். காரணமான மரபணு 22ஆம் குரோமோசோமில் இருக்கிறது என்பதை 1993இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே கண்டுபிடித்தன. அந்த மரபணு உண்டாக்கும் புரதத்துக்கு மெர்லின் என்று பெயர். செல்லின் வளர்ச்சிக்கு பிரேக் மாதிரி. பிரேக் பிடிக்காவிட்டால் ஷ்வான் செல்கள் பெருகிக்கொண்டே போகும்.

உடம்பெல்லாம் காப்பி நிறத் திட்டுகளும் தோலில் முடிச்சுகளும் வருமே, அது என்.எஃப்.1. பெயர் ஒற்றுமையால் நிறையப் பேர் குழம்புகிறார்கள். அந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான் 2022இல் சர்வதேச நிபுணர்கள் இதற்கு 'என்.எஃப்.2 சார்ந்த ஷ்வானோமடோசிஸ்' என்று பெயர் மாற்றினார்கள். வாயில் நுழையாததால் எல்லாரும் இன்னும் என்.எஃப்.2 என்றே சொல்கிறோம்.

சத்தம் கேட்கிறது, ஆனால் பேச்சு புரியவில்லை என்கிறார். நடிக்கிறாரா?

இந்தக் கேள்வியை மனைவிமார் கேட்டிருக்கிறார்கள், அம்மாக்களும் கேட்டிருக்கிறார்கள். நடிப்பு இல்லை. இந்த நோயின் கையெழுத்தே அதுதான்.

என் அறையில் நடப்பதைச் சொல்கிறேன். ஹெட்போன் மாட்டி முதலில் பீப் ஒலிகள் தருவேன். கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். ஓர் இளைஞர், வயது இருபத்து மூன்று இருக்கும், மளமளவென்று அழுத்தினார். நாற்பது டெசிபல். மோசமில்லை, காது மெஷின் வைத்தால் சமாளிக்கக்கூடிய அளவு. அப்புறம் சொற்கள். போதுமான சத்தத்தில்தான் வைத்தேன். 'பல்' என்றேன், 'கல்' என்றார். 'மீன்' என்றேன், 'நீங்க' என்றார். 'குடை' என்றதற்கு ஒன்றும் சொல்லாமல் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து என் உதட்டைப் பார்க்க முயன்றார். அதற்காகத்தான் வாயைக் காகிதத்தால் மறைத்துக்கொள்வோம். இருபத்தைந்து சொல்லில் ஆறு சரி. ஒலி அறுபது எழுபது சதவீதம் இருக்கிற காதில் சொல் கால்வாசிகூட இல்லை.

உட்செவி ஒலியைப் பிடித்துவிடுகிறது, நரம்பு அதைக் கலைத்துப்போட்டு அனுப்புகிறது. நூறு பேர் ஒரே தாளத்தில் கை தட்டினால் தாளம் புரியும். அதே நூறு பேர் ஆளுக்கொரு நேரத்தில் தட்டினால் இரைச்சல்தான் மிஞ்சும். கட்டி அழுத்தும் நரம்பில் நடப்பது ஏறக்குறைய இதுதான். போனில்தான் முதலில் தெரியும். "அம்மா குரல்னு தெரியுது, என்ன சொல்றாங்கன்னு தெரியல" என்பார்கள். போனைத் தன்னையறியாமல் மற்றக் காதுக்கு மாற்றத் தொடங்கி வருஷம் இரண்டு ஆகியிருக்கும்.

அதனால் பீப் ஒலி ஆடியோகிராமை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். சொற்புரிதல் சோதனையும் செய்யச் சொல்லுங்கள், நீங்கள் வீட்டில் பேசும் மொழியிலேயே செய்யச் சொல்லுங்கள். மருந்து ஆய்வுகளில்கூட, காது தேறியதா என்று பார்க்கச் சொற்புரிதல் மதிப்பெண்ணையே முதன்மை அளவுகோலாக வைக்க வேண்டும் என்று 2011இல் தொடங்கிய ரெயின்ஸ் என்ற சர்வதேசக் குழு பரிந்துரைத்திருக்கிறது.

கட்டி சின்னது, வளரவும் இல்லை என்றார்கள். பிறகு ஏன் காது போய்க்கொண்டே இருக்கிறது?

கட்டியின் அளவையும் கேட்கும் திறனையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்ப்பது நம் எல்லாருக்கும் பழக்கம். டாக்டர்களும் ரொம்ப நாள் அப்படித்தான் பார்த்தார்கள். ஆனால் மூன்று சென்டிமீட்டர் கட்டியோடு நன்றாகக் கேட்பவரும் உண்டு, அரை சென்டிமீட்டரில் காதை இழந்தவரும் உண்டு. நரம்பை நசுக்குவதும் ரத்த ஓட்டத்தைக் குறைப்பதும் கதையின் ஒரு பகுதிதான்.

இன்னொரு பகுதி உட்செவி நீரில் இருக்கிறது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் என்.எஃப்.2 நோயாளிகளை எம்ஆர்ஐயில் தொடர்ந்து பார்த்தவர்கள் 2012இல் ஒன்றைச் சொன்னார்கள்: நத்தை வடிவ உட்செவிக்குள் நரம்பு நுழையும் வாசலைக் கட்டி அடைத்துவிட்டால், உள்ளே இருக்கும் நீரில் புரதம் சேர்ந்துவிடுகிறது, காது கேளாமையும் அதோடு சேர்ந்தே வருகிறது. கட்டி சின்னதா பெரியதா என்பதைவிட வாசலை அடைத்ததா என்பது முக்கியமாகிவிடுகிறது.

பாஸ்டனில் கான்ஸ்டன்டினா ஸ்டான்கோவிச்சின் குழு வேறு வழியில் போனது. ஆபரேஷனில் எடுத்த கட்டிகள் என்னென்ன பொருட்களைக் கசிய விடுகின்றன என்று பார்த்தார்கள். காது மோசமாக இருந்தவர்களின் கட்டிகள் டிஎன்எஃப் ஆல்ஃபா என்ற அழற்சிப் பொருளை அதிகம் விட்டன. அந்தக் கசிவை எலியின் உட்செவித் திசுமேல் விட்டபோது அதுவும் சேதமானது. 2015இல் வெளிவந்த முடிவு இது. கட்டி சும்மா உட்கார்ந்து இடித்துக்கொண்டிருக்கவில்லை, அக்கம்பக்கத்தில் எதையோ ஊற்றிக்கொண்டும் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். மருந்தால் காதைக் காப்பாற்றலாம் என்ற நம்பிக்கைக்கு இந்த மாதிரிக் கண்டுபிடிப்புகள்தான் அடித்தளம்.

பெரா டெஸ்ட் நார்மல். எம்ஆர்ஐ வேண்டுமா?

வேண்டும். காதில் ஒலி தந்து, நரம்பும் மூளைத்தண்டும் காட்டும் மின் அசைவைத் தலையில் ஒட்டிய மின்முனைகளால் அளப்பதுதான் பெரா. சின்னக் கட்டிகளை அது தவறவிடும். ஒரு காது மட்டும் மந்தமானாலும், ஒரு காதில் மட்டும் இரைச்சல் விடாமல் இருந்தாலும், கான்ட்ராஸ்ட் ஊசியோடு எடுக்கும் எம்ஆர்ஐதான் சந்தேகத்தைத் தீர்க்கும்.

காது மெஷின் உதவுமா?

சொற்புரிதல் பாதிக்கு மேல் இருந்தால் உதவும். அதற்குக் கீழே போகப் போக, கலங்கிய ஒலியைச் சத்தமாகக் கேட்பதுதான் மிச்சம். விலை அதிகமான மெஷின் என்பதால் நரம்பு சரியாகிவிடாது. வாங்குமுன் ஒரு வாரமாவது வீட்டில் போட்டுப் பார்க்கத் தரச் சொல்லுங்கள்.

உடனே எடுத்துவிடலாமே? எதற்குக் காத்திருக்கச் சொல்கிறார்கள்?

ஒரு பக்கக் கட்டிக்கு மூன்று வழி: எம்ஆர்ஐ எடுத்துக் கவனித்துக்கொண்டிருப்பது, ஆபரேஷன், காமா நைஃப் போன்ற குவிகதிர் சிகிச்சை. ஒரு காது போனாலும் மற்றது இருக்கிறது என்ற தைரியத்தில் முடிவெடுக்கலாம்.

என்.எஃப்.2வில் அந்தத் தைரியம் கிடையாது. இங்கே கட்டி ஒரே உருண்டையாக இல்லாமல் திராட்சைக் கொத்து போல நரம்பிழைகளுக்கு நடுவே பரவியிருக்கலாம். பிரித்தெடுக்கும்போது கேட்கும் நரம்பு பிழைப்பது கடினம். முகநரம்புக்கும் ஆபத்து. கதிர்ச் சிகிச்சையின் பலனும் ஒரு பக்கக் கட்டிக்காரர்களுக்குக் கிடைக்கும் அளவுக்கு இவர்களுக்குக் கிடைப்பதில்லை. கதிர் பட்ட கட்டி பின்னாளில் புற்றாக மாறும் அபாயம், குறைவுதான் என்றாலும், கணக்கில் வைக்க வேண்டியது. அதனால் மூளைத்தண்டை அழுத்தாத வரை, கேட்கிற காதைத் தொடாமல் வைத்திருப்பது பல நிபுணர்களின் வழக்கம். சில இடங்களில் கட்டியை எடுக்காமல், அந்த எலும்புக் குழாயின் மேல்சுவரை மட்டும் திறந்து இடம் கொடுப்பார்கள். அழுத்தம் குறைந்து, சிலருக்குச் சில வருடங்கள் காது நீடிக்கிறது.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்வேன். கேட்கிற கடைசிக் காதில் ஆபரேஷன் என்று யாராவது அவசரப்படுத்தினால், உயிருக்கு ஆபத்தில்லாத பட்சத்தில், இந்த நோயை அதிகம் பார்த்த இன்னொரு இடத்தில் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

மருந்தால் போன காது திரும்புமா?

சிலருக்குத் திரும்பியிருக்கிறது. 2009க்கு முன் இதை யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

பெவாசிசுமாப் என்ற மருந்து பெருங்குடல் புற்றுக்காக வந்தது. கட்டிக்குப் புதிய ரத்தக் குழாய்கள் முளைக்கச் செய்யும் விஇஜிஎஃப் என்ற பொருளை அது பிடித்து வைத்துக்கொள்ளும். செவிநரம்புக் கட்டியிலும் அதே பொருள் இருப்பதைப் பார்த்த ஸ்காட் பிளாட்கின், பாஸ்டனில் பத்து என்.எஃப்.2 நோயாளிகளுக்கு இதைக் கொடுத்துப் பார்த்தார். ஒன்பது பேருக்குக் கட்டி சுருங்கியது. காதை அளந்து ஒப்பிட வாய்ப்பிருந்த ஏழு பேரில் நான்கு பேருக்குச் சொற்புரிதல் தேறியது. வேலை நடப்பது பெரும்பாலும் வீக்கம் வடிவதால் என்று கருதப்படுகிறது. பிறகு 2012இல் முப்பத்தொரு பேரை வைத்து அதே குழு வெளியிட்ட கணக்கிலும், பாதிக்குச் சற்று மேற்பட்டவர்களுக்குக் காது தேறியது. இங்கிலாந்தில் என்.எஃப்.2வுக்கென்றே உள்ள சிறப்பு மையங்கள் வழியாக அரசு மருத்துவச் சேவையே இந்த மருந்தைத் தருகிறது.

சரி, எல்லாருக்கும் கொடுத்துவிடலாமே? அங்கேதான் கணக்கு இடிக்கிறது. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை ட்ரிப்ஸில் ஏற்ற வேண்டும். நிறுத்தினால் பலருக்குக் கட்டி மீண்டும் வளர்கிறது, ஆகவே வருடக்கணக்கில் போகும். ரத்த அழுத்தம் ஏறும், சிறுநீரில் புரதம் போகும், புண் ஆறத் தாமதமாகும், பெண்களுக்கு மாதவிடாய் நிற்கலாம். குழந்தை பெறும் திட்டம் இருந்தால் முதல் நாளே டாக்டரிடம் சொல்லுங்கள். ஆபரேஷனுக்குப் பல வாரம் முன்பே மருந்தை நிறுத்த வேண்டும். டோஸை ஏற்றினால் பலனும் ஏறும் என்று நினைத்துச் செய்த ஆய்வில் அப்படி ஏறவில்லை.

என் அபிப்பிராயம்: சொற்புரிதல் சரியத் தொடங்கியிருக்கும் காதுக்குத்தான் இதைப் பற்றி உட்கார்ந்து பேச வேண்டும். முழுதாகப் போய்ப் பல வருடம் ஆன காதுக்கு இதில் எதிர்பார்ப்பு வைக்க முடியாது.

வேறு மருந்துகள்?

பிரிகாட்டினிப், நுரையீரல் புற்றுக்கான மாத்திரை. 2024இல் வெளியான ஆய்வில் நாற்பது என்.எஃப்.2 நோயாளிகள் இதைச் சாப்பிட்டார்கள். முக்கியக் கட்டியாகக் குறித்து வைத்தவற்றில் பத்தில் ஒன்றே சுருங்கியது. எல்லாக் கட்டிகளையும் சேர்த்தால் 23 சதவீதம். சோதிக்கத் தகுந்த காதுகளில் 35 சதவீதம் தேறின. கட்டி பெரிதாகச் சுருங்காமலே காது தேறியிருக்கிறது. மேலே சொன்ன 'அளவு வேறு, கேட்பது வேறு' என்பதற்கு இது இன்னொரு சாட்சி.

ஜப்பானின் கெய்யோ பல்கலைக்கழகத்தில் விஇஜிஎஃப் ஏற்பிகளுக்கு எதிராக ஒரு தடுப்பூசியை ஏழு பேருக்குப் போட்டுப் பார்த்தார்கள், 2019இல் முடிவு வந்தது. காதை மதிப்பிட முடிந்த ஐந்து பேரில் இரண்டு பேருக்கு முன்னேற்றம். சின்ன ஆய்வு, ஆனால் ட்ரிப்ஸ் தொல்லை இல்லாத வழி. லபாட்டினிப் சிலருக்குக் கொஞ்சம் பலன் தந்தது. எவரோலிமஸ் கட்டியைச் சுருக்கவில்லை.

ரத்த அழுத்த மாத்திரை லோசார்டன் எலிகளில் கட்டியால் வரும் காது கேளாமையைத் தடுத்தது என்று 2021இல் பாஸ்டன் குழு ஒன்று எழுதியது. இதைப் படித்துவிட்டு ஒருவர் மெடிக்கல் ஷாப்பில் அட்டை வாங்கிக்கொண்டு வந்து என்னிடம் காட்டினார். ரத்த அழுத்தம் இல்லாதவர் தானாக அதைச் சாப்பிட்டால் மயங்கி விழலாம், சிறுநீரகம் கெடலாம், கர்ப்பிணிக்கு ஆகவே ஆகாது. ஆஸ்பிரினும் அப்படித்தான்: கட்டி வளராமல் இருக்க நல்லது என்று ஓர் ஆய்வு சொன்னது, அடுத்து வந்தவை தொடர்பே இல்லை என்றன.

இரண்டு காதும் போய்விட்டால்?

நரம்பு அறுபடாமல் இருந்தால், உட்செவிக்குள் மின்முனை வைத்து நரம்பைத் தூண்டும் காக்ளியர் இம்ப்ளான்ட் போடலாம். கட்டி உள்ளேயே இருக்க, அதோடு போட்டும் நல்ல பலன் பெற்றவர்கள் இருக்கிறார்கள். இந்த வாய்ப்புக்காகத்தான் ஆபரேஷனில் காது கேட்பதைக் காப்பாற்ற முடியாவிட்டாலும் நரம்பையாவது விட்டுவைக்கப் பார்க்கிறார்கள்.

நரம்பே இல்லையென்றால் அதைத் தாண்டி மூளைத்தண்டுக்குப் போக வேண்டும். அதுதான் ஏபிஐ (ஆடிட்டரி பிரெயின்ஸ்டெம் இம்ப்ளான்ட்). மூளைத்தண்டில் ஒலி முதலில் வந்து சேரும் இடத்தின் மேல், சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்ன மின்தகட்டை வைப்பார்கள். 1979இல் லாஸ் ஏஞ்சலிஸில் வில்லியம் ஹவுஸும் வில்லியம் ஹிட்செல்பெர்கரும் ஒரு என்.எஃப்.2 பெண்மணிக்கு முதன்முதலாகப் பொருத்தினார்கள். அமெரிக்க அனுமதி 2000இல், பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட என்.எஃப்.2 நோயாளிகளுக்காகக் கிடைத்தது. நம் பக்கத்தில் சென்னையில் மெட்ராஸ் இஎன்டி ஆராய்ச்சி நிலையம் இந்த ஆபரேஷனைச் செய்துவருகிறது. ஜெர்மனியின் ஹானோவரில் இன்னும் மேலே, நடுமூளையிலேயே மின்முனை வைக்கும் முயற்சி 2006 வாக்கில் தொடங்கியது. அது இன்னும் ஆராய்ச்சிதான்.

ஏபிஐ போட்டால் போனில் பேசலாமா?

பெரும்பாலானவர்களால் முடியாது. உதட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டால் புரிவது கூடும். உதட்டைப் பார்க்காமலே வாக்கியம் புரிகிறவர்கள் சிலர்தான். இதை ஆபரேஷனுக்கு முன்பே குடும்பம் முழுவதும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

முதல் நாள் ஸ்விட்ச் போடும்போது கேட்பது ஒலியாகவே இருக்காது. ஒருவர் "டிக் டிக்னு எறும்பு ஊர்ற மாதிரி" என்றார். சில மின்முனைகள் கன்னத்தில் துடிப்பையோ கிறுகிறுப்பையோ தரும், அவற்றை அணைத்துவிடுவோம். மாதக்கணக்கில் பழகியபின் காலிங்பெல்லும் குக்கர் விசிலும் வேறு வேறு என்று தெரியும். பக்கத்து வீட்டு விசிலுக்கு எழுந்து போய் நம் அடுப்பை அணைத்துவிட்டு வந்ததாக ஒரு அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். என் கணக்கில் அது வெற்றி.

இம்ப்ளான்ட் எதுவானாலும், உள்ளே காந்தம் இருக்கும். ஆயுள் முழுக்க எம்ஆர்ஐ எடுக்க வேண்டியவர்கள் நீங்கள். காந்தத்தை எடுக்க முடியுமா, எம்ஆர்ஐ மெஷினின் காந்த பலம் எத்தனை டெஸ்லா வரை போகலாம் என்று கம்பெனியிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

காது முழுதாகப் போகுமுன் என்ன பழகலாம்?

உதட்டைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், கேட்கும்போதே கற்பது சுலபம். தமிழில் இதற்கு ஓர் எல்லை உண்டு. 'பணம்' என்பதும் 'மணம்' என்பதும் உதட்டில் ஒன்றே. கல்யாண வீட்டில் குழம்புவதற்கு இது போதும். அதனால் வீட்டில் எல்லாரும் சைகை கொஞ்சமாவது பழகட்டும், பேச்சை எழுத்தாக்கும் போன் ஆப்பும் இருக்கட்டும்.

சமநிலை நரம்புகளும் போவதால் இருட்டில் தள்ளாட்டம் வரும். தண்ணீருக்குள் மூழ்கினால் எது மேல், எது கீழ் என்றே தெரியாது. கிணற்றிலோ குளத்திலோ முங்கிக் குளிப்பதை விட்டுவிடுங்கள். நல்ல நீச்சல்காரர்கள்தான் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள், அவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம்.

பிள்ளைகளுக்கு வருமா?

பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆனால் நோயாளிகளில் பாதிப் பேருக்குக் குடும்பத்தில் யாருக்குமே இருந்திருக்காது, மரபணு மாற்றம் அவர்களிடமே புதிதாக வந்தது. அவர்களில் பலருக்கு உடம்பின் சில செல்களில் மட்டுமே அந்த மாற்றம் இருக்கும், அப்போது பிள்ளைக்குப் போகும் வாய்ப்பு பாதிக்கும் குறைவு. ஆகவே "வம்சத்தில் யாருக்கும் இல்லையே, எந்தப் பக்கத்திலிருந்து வந்தது" என்று மாமியார் வீட்டில் நடக்கும் விசாரணைக்கு அர்த்தமே இல்லை. மரபணு ஆலோசகரைப் பாருங்கள். ஆபத்துள்ள குழந்தைக்குக் கண் பரிசோதனையைச் சிறு வயதிலேயே தொடங்குவார்கள், ஏனென்றால் கண்புரை காதுக்கு முன்பே வரலாம். எம்ஆர்ஐ வழக்கமாகப் பத்துப் பன்னிரண்டு வயதில்.

முதல்முறை நிபுணரைப் பார்க்கப் போகும்போது என்ன எடுத்துப் போக வேண்டும்?

எம்ஆர்ஐயை ஃபிலிமாக மட்டுமல்ல, சிடியிலோ பென்டிரைவிலோ. பழைய ஆடியோகிராம்கள் எல்லாம், ஒன்றுவிடாமல். காது எந்த வேகத்தில் சரிகிறது என்பது ஒரு சோதனையில் தெரியாது, மூன்றை அடுத்தடுத்து வைத்தால் தெரியும். மஞ்சள் பையில் போட்டு மடித்து வைத்து எழுத்து அழிந்துபோன தாளாக இருந்தாலும் பரவாயில்லை, கொண்டுவாருங்கள். தூக்கிப் போட்டுவிட்டதாகச் சொல்பவர்கள் முதலில் சோதனை செய்த இடத்தில் கேட்டுப் பாருங்கள், கம்ப்யூட்டரில் இருக்கும்.